உப்பை ஃபிரிட்ஜில் வைத்துப் பலனில்லை
வீட்டில் படிகம் வளர்ப்பது பற்றிய உங்கள் கட்டுரையில், உப்பு, படிகாரம் இரண்டையும் கொதிநீரில் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் படிகம் வளரும் என்று எழுதியிருக்கிறீர்கள். படிகாரத்துக்குச் சரி, உப்புக்கு நடக்காதுங்க. 100 மில்லி தண்ணீரில் சாதாரணமாகவே சுமார் 36 கிராம் உப்பு கரையும், கொதிக்க வைத்தாலும் 39 கிராம்தான், அதனால் ஆறும்போது பிரிந்து வர ஒன்றும் பெரிதாக மிஞ்சாது. தண்ணீர் ஆவியாக வேண்டும். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துச் சாமித்தோப்பு, புத்தளம் உப்பளங்களில் நடப்பதும் அதுதானே.

போன ஜூனில் மகள் உப்புநீர் ஊற்றி வைத்த தட்டு இடவப்பாதி மழையில் இரண்டு வாரமாகியும் அப்படியே தண்ணீராகக் கிடந்தது, பிள்ளை அழுதேவிட்டாள். பிப்ரவரியில் கல்லுப்பைக் கரைத்து, துணியில் வடிகட்டி, ஜன்னலோரம் மறுபடி வைத்தோம். ஐந்தாம் நாள் அடியில் குட்டிக் குட்டிச் சதுரங்கள், சிலது நடுவில் குழிந்து படிக்கட்டு மாதிரி, விரலால் தடவினால் முனை குத்துகிறது. அவள் யாரையும் மேஜைப் பக்கம் விடவில்லை.

அப்புறம், நூலில் படிகம் வளர்ப்பது நமக்குப் புதிதல்ல. பதநீரைப் பாகாகக் காய்ச்சி, நூல் கட்டிய பாத்திரத்தில் ஊற்றி, வாரக்கணக்கில் அசைக்காமல் வைத்துத்தான் பனங்கற்கண்டு எடுக்கிறார்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள், உப்புப் பகுதியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.