கடைசி நடை காலியாகத்தான் வரும்

இரவு எட்டரை மணிக்கு டவுனிலிருந்து கிளம்பும் பஸ்ஸில் ஏழெட்டுப் பேர்தான் ஏறுகிறார்கள், டீசல் காசுகூடத் தேறவில்லை, அதனால் அந்த நடையை நிறுத்திவிட்டோம் என்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்கள் பலவற்றில் கடைசி பஸ் போனது இப்படித்தான். எதிர்த்துப் பேச முடியாத காரணமாகத்தான் தெரியும். ஏழெட்டுப் பேர் தரும் டிக்கெட் காசில் ஒரு பெரிய பஸ்ஸை ஊர்வரை ஓட்டிவிட முடியாது என்பது சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். இருந்தும் இந்தக் கணக்கு தவறு என்கிறேன். எந்த வரவை எந்தச் செலவுக்கு நேராக எழுதுவது என்பதிலேயே கோளாறு இருக்கிறது.

காலையில் பஸ் ஏறுகிற கிராமத்து ஆள் முதலில் யோசிப்பது திரும்பி வரும் வழியை. டவுனில் ஜவுளிக்கடை வேலைக்குப் போகும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் அவரை வெளியே விடச் சில நாள் இரவு எட்டு மணி ஆகிவிடும். ஆறரைக்கு மேல் ஊருக்கு பஸ் இல்லையென்றால் அவர் அந்த வேலையையே ஒப்புக்கொள்ள மாட்டார். அப்படியானால் காலை எட்டு மணி பஸ்ஸிலும் அவர் இல்லை. மாலை வகுப்பு முடித்து வரும் மாணவி, அரசு மருத்துவமனையில் படுத்திருக்கும் அப்பாவுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டுத் திரும்பும் மகன், கட்டட வேலைக்குப் போய் கூலி வாங்கக் காத்திருக்கும் சித்தாள் எல்லோருக்கும் இதே யோசனைதான். இவர்கள் அனைவரும் தினமும் எட்டரை பஸ்ஸில் வரப்போவதில்லை. பெரும்பாலான நாட்களில் முந்தைய பஸ்ஸிலேயே வந்துவிடுவார்கள். ஆனாலும் ‘அதை விட்டால் எட்டரைக்கு ஒன்று இருக்கிறது’ என்ற தைரியத்தில்தான் காலையில் வீட்டைவிட்டு இறங்கினார்கள். கடைசி நடை காலியாகத்தான் வரும். அதற்குச் சேர வேண்டிய வசூல் காலையிலேயே கண்டக்டரின் பையில் விழுந்துவிட்டது.

ட்ரிப் ஷீட்டில் இது தெரியாது. அதில் ஒவ்வொரு நடையும் தனித்தனி வரி. கிலோமீட்டருக்கு இவ்வளவு வசூல் என்று பார்ப்பவருக்குக் கடைசி வரி எப்போதும் கண்ணை உறுத்தும். அதை வெட்டுகிறார். சில மாதங்களில் காலை நடையிலும் ஆள் குறைகிறது. இப்போது அந்த வரியும் உறுத்த ஆரம்பிக்கிறது. பிறகு மத்தியான நடை. கடைசியில் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒன்று, மாலையில் ஒன்று என்று வந்து நின்றதும், ‘மக்கள் எல்லோரும் பைக் வாங்கிவிட்டார்கள், பஸ்ஸில் யார் வருகிறார்கள்?’ என்று நம்மையே திருப்பிக் கேட்கிறார்கள். பைக் வாங்கியதால் பஸ் போனதா, பஸ் போனதால் கடன் வாங்கி பைக் எடுத்தார்களா என்று ஊரில் கேட்டுப்பாருங்கள். தவணை கட்டுகிறவர்கள் சொல்வார்கள்.

முன்பெல்லாம் கடைசி பஸ் ஊரிலேயே தங்கும். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயோ பஞ்சாயத்து அலுவலகத் திண்ணையிலோ படுப்பார்கள். யாராவது வீட்டிலிருந்து குழம்பு போகும். விடிகாலை ஐந்து மணிக்கு அதே பஸ் கிளம்பும். பூ, கீரை, கத்திரிக்காய், பால் கேன் எல்லாம் அதில்தான் சந்தைக்குப் போகும். பூ மார்க்கெட்டில் ஆறு மணிக்கு ஒரு விலை, எட்டு மணிக்கு வேறு விலை. இரவில் பஸ் ஊரில் தங்குவதா, டவுன் பணிமனையில் தங்குவதா என்பது பார்க்க நிர்வாக விஷயம். மல்லிகை போட்டவருக்கு அது நேரடியான வருமானம்.

அந்தத் தொழிலாளர்களின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கொசுக்கடியில் சீட்டில் மடங்கிப் படுத்து, கழிப்பறைக்கு வாய்க்கால் கரையைத் தேடிப் போய், வசூல் பணத்தைத் தலைக்கு வைத்துத் தூங்கியவர்கள் அவர்கள். இப்போது அதை யாரும் செய்ய மறுத்தால் அவர்கள்மேல் கோபப்பட எனக்கு வாய் வராது. ஒரு அறை, ஒரு மின்விசிறி, ஒரு கழிப்பறை, பூட்டுகிற மாதிரி ஒரு பெட்டி. பஞ்சாயத்து நினைத்தால் கட்டித் தரக்கூடியவைதான். ஊர் முகப்பில் வரவேற்பு வளைவு கட்ட நம்மிடம் பணம் இருக்கிறது, வளைவுக்குள் நுழைகிற பஸ்ஸின் டிரைவர் படுக்க ஓர் அறை இல்லை.

‘நஷ்டத்தில் எவ்வளவு நாள் ஓட்டுவது?’ என்ற கேள்விக்கு இந்த மாநிலத்தின் பழைய முடிவு ஒன்றே பதில் சொல்லும். தனியார் கையில் இருந்த பஸ் தடங்களை அரசு எடுத்துக்கொண்டு, 1972-இல் பல்லவன், பாண்டியன், சேரன், சோழன் என்று போக்குவரத்துக் கழகங்களைத் தொடங்கியது. லாபம் தருகிற நீண்ட தடம் அரசிடம் இருந்தால், அதன் காசில் லாபம் தராத கிராமத் தடத்தையும் ஓட்டலாம் என்பது அந்த ஏற்பாட்டுக்குள்ளேயே இருக்கிற நியாயம். தமிழ்நாட்டின் மூலை முடுக்குக்கெல்லாம் பஸ் போகிறது என்று வெளிமாநிலத்தாரிடம் நாம் பெருமை பேசுவது இதை வைத்துத்தான். இன்று 8 கழகங்கள் இருக்கின்றன. பெருமை அப்படியே இருக்கிறது, எட்டரை மணி பஸ்தான் இல்லை.

பஸ்ஸை வெறும் போக்குவரத்துச் சாதனமாகப் பார்க்கிறவர்களுக்கு இன்னும் பின்னால் போய் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தென்மாவட்டத் தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் வழக்கம் இருந்தது. அப்போது இராமநாதபுரம் மாவட்டப் போர்டின் தலைவராக இருந்த ஊ.பு.அ. சௌந்தரபாண்டியன், அப்படி ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவிட்டார். (சென்னைப் பாண்டி பஜாரின் ‘பாண்டி’ இவர்தான். அங்கே துணி எடுக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ!) 1997-இல் ஒரு கழகத்துக்கு, கட்டபொம்மனின் தளபதியும் தாழ்த்தப்பட்ட சமூகத்தவருமான வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைத்தபோது தெற்கே எழுந்த சாதிக் கலவரத்தில், எல்லாக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களையே எடுக்கும்படி ஆயிற்று. யார் பக்கத்தில் யார் உட்காருவது, பஸ் எந்தத் தெரு முனையில் நிற்பது என்பதெல்லாம் இங்கே எப்போதுமே பெரிய விஷயம்தான். இன்றைக்கும் சில ஊர்களில் பஸ் மெயின் ரோட்டு விலக்கிலேயே திரும்பிவிடுகிறது, காலனிக்காரர்கள் மட்டும் மீதி தூரத்தை நடக்கிறார்கள். ‘பஸ் திருப்ப இடமில்லை’ என்று காரணம் சொல்வார்கள். கரும்பு லாரி திரும்புகிற இடத்தில் பஸ் திரும்பாதா?

அடுத்து கட்டணமில்லாப் பயணம். 2021 மே மாதம் திமுக ஆட்சிக்கு வந்த அன்றே கையெழுத்தான திட்டம் இது. சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை. திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் பிறகு விரித்தார்கள். நான் இதை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். ‘ஓசிப் பயணம்’ என்று கேலி செய்தவர்களோடு நிறையச் சண்டை போட்டிருக்கிறேன். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்னது. நூறு நாள் வேலைக்குப் போகிற வீட்டில் 888 ரூபாய் என்றால் என்ன என்று கேலி செய்கிறவர்களுக்குத் தெரியாது. 2025-26 பட்ஜெட்டில் இதற்கு 3,600 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். தாராளமாக ஒதுக்கட்டும்.

ஆனால் வெள்ளைப் பலகை மாட்டிய டவுன் பஸ் ஊருக்கு வந்தால்தானே இந்தச் சலுகை? நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கிற எத்தனையோ கிராமங்களில் நிற்பது மொபசல் பஸ் மட்டும். அங்கே பெண்கள் காசு கொடுத்துத்தான் ஏறுகிறார்கள். உள்ளே தள்ளி இருக்கிற குக்கிராமத்துக்கு மினி பஸ்தான் கதி. அது தனியார் பஸ், அதிலும் காசு. ஆக, டவுனை ஒட்டி இருக்கிற, நாளெல்லாம் பஸ் ஓடுகிற ஊரில் இருப்பவருக்குச் சலுகை முழுதாகக் கிடைக்கிறது. தள்ளிப் போகப் போக அது தேய்ந்து, மிகவும் தேவைப்படுகிற ஊரில் ஒன்றுமே இல்லாமல் போகிறது. வருகிற டவுன் பஸ்ஸும் நிறுத்தத்தில் பெண்கள் மட்டும் நின்றால் இருபது அடி தள்ளிப் போய் நிற்கும், அல்லது நிற்கவே நிற்காது. அந்தப் பயணிகளுக்கான காசை அரசு கழகத்துக்குக் கொடுக்கிறது. நிற்காமல் போவதால் யாருக்கும் ஒரு பைசா மிச்சமில்லை என்பதையாவது பணிமனையில் ஒருவர் எடுத்துச் சொல்லக் கூடாதா?

மினி பஸ்ஸைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பஸ் போகாத ஊருக்கு பஸ் விடுவதற்காக 1997-இல் வந்த திட்டம் அது. இருபது கிலோமீட்டர் தடத்தில் பதினாறு கிலோமீட்டர், பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும் என்பது விதி. நல்ல விதி. நடைமுறையில் வசூல் இருக்கிற நாலு கிலோமீட்டரிலேயே மேலும் கீழும் ஓடிக்கொண்டிருந்த பஸ்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். ஊர் எல்லையில் இருக்கிற கடைசி நிறுத்தத்துக்குக் காலையில் ஒரு தடவை முகம் காட்டுவதோடு சரி. புதிய மினி பஸ் திட்டத்தை 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கினார்கள். இப்போது தடம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம், அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் இல்லாத பாதையாக இருக்க வேண்டும். முதலாளிக்குக் கட்டுப்படியாக வேண்டும் என்று தளர்த்தியிருக்கிறார்கள், புரிகிறது. ஆனால் தூரத்தை அளக்கிற அக்கறையில் பாதியையாவது நேரத்தின் மேல் காட்டியிருக்கலாம். முதல் நடையையும் கடைசி நடையையும் முழுத் தூரமும் ஓட்டவில்லை என்றால் பெர்மிட் போகும் என்ற பயம் வர வேண்டும். அந்தப் பயம் எந்த மினி பஸ்ஸிலும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

டிக்கெட் விலையையும் பேசாமல் போனால் நியாயமில்லை. அரசு பஸ் கட்டணம் கடைசியாக உயர்ந்தது 2018 ஜனவரியில். சாதாரண மொபசல் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா என்று அப்போது வந்து நின்றது. 60 ரூபாய்ச் சொச்சத்தில் இருந்த டீசல் இப்போது 90 ரூபாயைத் தாண்டிவிட்டது. கட்டணத்தை ஏற்றக் கூடாது என்பது அரசியல் முடிவு, நல்ல முடிவுதான். அந்த முடிவின் செலவை அரசு நேராகக் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் பணிமனை மேலாளர் அதைத் தனக்குத் தெரிந்த வழியில் ஈடுகட்டுவார். பழுதான பஸ்ஸுக்கு மாற்று பஸ் வராது, டிரைவர் விடுப்பில் போனால் நடை ரத்து. எந்த நடை ரத்தாகும்? நெடுஞ்சாலை பஸ் ரத்தானால் பஸ் நிலையத்தில் கூச்சல் எழும். கிராமத்து நடை ரத்தானால் விலக்கில் நிற்கிற நாலு பேர் அரை மணி நேரம் பார்த்துவிட்டு நடக்க ஆரம்பிப்பார்கள்.

இந்த நாலு பேர் யார் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. எங்கள் ஊரில் பேச்சுக்கு மதிப்பிருக்கிற ஆண்கள் யாரும் பஸ்ஸில் போவதில்லை. பஞ்சாயத்து உறுப்பினருக்கு பைக், கட்சிக்காரருக்குக் கார், ஆசிரியருக்கு ஸ்கூட்டர். தனியார் பள்ளிப் பிள்ளைகளுக்கு வேன் வாசலுக்கே வருகிறது. மிச்சம் இருப்பவர்கள் பெண்கள், கிழவர்கள், அரசுப் பள்ளிப் பிள்ளைகள். இவர்களில் யாரும் மறியலுக்கு உட்காருகிறவர்கள் இல்லை, பிள்ளைகளைத் தவிர. அந்தப் பிள்ளைகளும் படிக்கட்டில் தொங்கும்போதுதான் செய்தியில் வருகிறார்கள், அதுவும் ஒழுக்கம் கெட்டவர்களாக. மூன்று ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரே பஸ் விட்டால் தொங்காமல் எங்கே நிற்பார்கள் என்று அந்தக் காணொளியை எடுக்கிறவர் கேட்பதில்லை.

கிராம சபையில் ‘எங்கள் ஊருக்குப் போதிய பஸ் வசதி செய்து தர வேண்டும்’ என்று ஆண்டுதோறும் ஒரே தீர்மானத்தை எழுதி வருகிறோம். அதற்கு ‘பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு பதில் வரும், விஷயம் அதோடு முடியும். அடுத்த கூட்டத்தில் பெண்களைப் பேசவிட்டு, அவர்கள் சொல்கிற நேரத்தை அப்படியே எழுதுங்கள். எந்தத் தடம், காலையில் எத்தனை மணி, இரவில் எத்தனை மணி, எந்த விலக்கில் பஸ் திரும்பிவிடுகிறது, எந்தெந்தத் தேதிகளில் நடை வரவில்லை என்று எழுதுங்கள். மினி பஸ் என்றால் அதன் பெர்மிட்டில் உள்ள தடத்தையும் நேரங்களையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, தீர்மானத்தோடு இணையுங்கள். ஒரு நகல் பணிமனைக்கு, ஒன்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு, ஒன்று திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் கலெக்டர் கைக்கு. மூன்றிலும் கையொப்பத்தோடு ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். கலெக்டர் அலுவலகத்துக்குப் போகும்போது பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, இருக்கிற பஸ்ஸிலேயே போய் வாருங்கள். எத்தனை மணிக்கு வீடு வந்து சேர்ந்தீர்கள் என்பதையும் மனுவில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம், அடுத்த திங்கட்கிழமைக்கு.