க்யூ இருக்கிறது, யூ இல்லை

எழுத்துக் கட்டைகளைப் பலகையில் அடுக்கி ஆங்கிலச் சொல் அமைக்கும் ஸ்கிராபிள் ஆட்டத்தில் கைக்கு க்யூ (Q) வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். க்யூ வரும் சொற்களில் பெரும்பாலும் யூவும் (U) வேண்டும். மொத்தம் 100 கட்டைகளில் க்யூ ஒன்றுதான், யூ நான்கு. அந்த நான்கும் அதற்குள் பலகையில் எங்காவது மாட்டிக்கொண்டிருக்கும். கடைசிவரை க்யூ கையிலேயே தங்கினால் 10 புள்ளி போச்சு. எதிராளி எல்லாக் கட்டைகளையும் போட்டு முடித்திருந்தால் அந்த 10 அவர் கணக்கில் வேறு ஏறும்.

சரி, யூ இல்லாத க்யூ சொற்களைப் படித்து வைத்துக்கொள்வோம் என்று இணையத்தில் தேடினால் அது இன்னொரு தலைவலி. கையில் இருக்கும் ஏழு எழுத்துகளை மட்டும் வைத்து அமையும் சொற்கள் வேறு, அந்த எழுத்துகள் எங்காவது வரும் சொற்கள் வேறு. நான் முதலாவதைக் கேட்டால், சொல் தேடித் தரும் தளங்களில் பலகையை விட்டே வெளியே போகும் நீளத்துக்குச் சொற்களைக் கொட்டுகிறார்கள். நடுவில் விளம்பரம். அதை மூடப் போனால் இன்னொரு விளம்பரம் திறக்கிறது.

யூ இல்லாமல் க்யூ வைத்து எழுதும் நிகாப் (niqab), ஃபக்கீர் (faqir), தலாக் (talaq) எல்லாமே செல்லும். க்யூவும் ஐயும் சேர்ந்த இரண்டெழுத்துச் சொல்கூடச் (qi) செல்லும், அதுதான் உயிர்காக்கும். இவற்றை முதலில் காட்டக்கூடாதா?

அகராதிக் குழப்பம் இன்னும் மோசம். ஆட்டத்தில் செல்லும் சொற்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்கள். ஸெட், ஓ இரண்டும் சேர்ந்த சொல் (zo) காலின்ஸ் பட்டியலில் உண்டு, வட அமெரிக்கப் பட்டியலில் இல்லை. நம்பி வைத்தால் எதிராளி ஆட்சேபிப்பார், கட்டையை எடுக்க வேண்டியதுதான். எந்தப் பட்டியல் என்று தளத்தின் மேலே ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?