பொங்கலன்று ஒப்பாரி வேண்டாம்

தை பிறக்க இன்னும் நாள் கிடக்கிறது. ஆனாலும் இப்போதே எழுதி வைக்கிறேன். அன்றைக்கு எழுதினால் யாரையோ குத்திக் காட்டுகிறேன் என்று நினைப்பீர்கள். பொங்கல் காலையில் முகநூலைத் திறந்தால் ஒரு வரி தவறாமல் வரும்: "ஊரில முற்றத்தில பொங்கினது போல வருமா? இஞ்ச ஏதோ கரண்ட் அடுப்பில ஒரு சாட்டுக்கு." கீழே வரிசையாக அழுகிற முகங்கள். ஊர் நினைவு வரக்கூடாது என்று யாரும் சொல்ல ஏலாது. இலங்கையில் வீடு வாசலை விட்டுவிட்டு ஓடி வந்த சனம், நினைக்கத்தான் செய்யும். ஆனால் பானை கொதிக்கிற நேரம் பார்த்து, பக்கத்தில் வேட்டியும் பாவாடையுமாக நிற்கிற பிள்ளைகளின் காதில் விழுகிற மாதிரி, வருசா வருசம் இதைச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இங்கே கனடாவில், ரொறொன்ரோவின் ஸ்காபரோவில் பிறந்த பிள்ளைக்கு இந்தக் குசினிதான் முற்றம். அது ஒரு மாற்றுக் குறைந்தது என்று அந்தப் பிள்ளைக்கு நாங்களே படிப்பிக்கிறோம்.

இங்கத்தைய குளிர்காலத்தை ஊரில் இருக்கிற சொந்தங்களுக்கு விளங்கப்படுத்துவது லேசில்லை. குளிரைச் சொன்னால் ஓரளவு விளங்கும். இருட்டைச் சொன்னால் விளங்காது. டிசம்பர் 21 அளவில் ரொறொன்ரோவில் காலை 7.45க்குப் பிறகுதான் சூரியன் வரும், பின்னேரம் 4.45க்கு முதல் போய்விடும். மொத்தப் பகலும் 9 மணித்தியாலம் இல்லை. இவர், என் கணவர், இருட்டில் வேலைக்குப் போய் இருட்டில் வருகிற ஆள், கிழமை நாட்களில் எங்கள் வீட்டு முன்பக்கத்தை வெளிச்சத்தில் காண்பதே இல்லை.

அந்த இருட்டுக்குள்தான் காலைப் பரபரப்பு. முதலில் ஸ்னோ பான்ட்ஸ், அப்புறம் பூட்ஸ், ஜக்கெட், தொப்பி, கடைசியாகத்தான் கையுறை. பாலர் வகுப்பில் எண்ணும் எழுத்தும் படிப்பிக்க முதல் இந்த ஒழுங்கைத்தான் படிப்பிக்கிறார்கள். கையுறையை முந்திப் போட்ட பிள்ளையால் ஸிப்பை இழுக்க ஏலாது. கழற்றி, திரும்பப் போட்டு, கதவைத் திறக்கப் போகும்போது சின்னவன் சொல்வான்: "அம்மா, பாத்ரூம்." புட்டு அடைத்த சுடுசாப்பாட்டுப் போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு நான் சுவரைப் பார்ப்பேன்.

பனி கொட்டிய நாளென்றால் இன்னும் விசேசம். இவரும் மகளும் பனி அள்ளுகிற சவள் ஆளுக்கொன்றோடு இறங்கி, ட்ரைவ்வேயைத் துப்புரவாக வழித்துவிட்டு உள்ளே வந்து தேத்தண்ணியில் வாய் வைக்க, நகரசபை வண்டி வரும். தெருவில் கிடந்த முழுவதையும் உருட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் அணை கட்டிவிட்டுப் போகும். வானத்திலிருந்து விழுந்த பனி பஞ்சு, சவளை வைத்தால் போகும். இது உப்பும் சேறும் கலந்து இறுகிய கட்டி, முதுகை முறிக்கும். உப்புப் போட்டால் உருகுமே என்று கேட்பார்கள். மைனஸ் 10க்குக் கீழே போகப் போகச் சாதாரண உப்புக்கும் குளிர் பிடித்துவிடும், வேலை செய்யாது.

பனி அள்ளுகிற நாட்களில் எங்கள் வீட்டில் ஒரு கதை கட்டாயம் வரும். 1999 ஜனவரியில் ரொறொன்ரோவில் கொட்டிய பனியை நகரசபையால் சமாளிக்க முடியாமல், அப்போதைய மேயர் மெல் லாஸ்ட்மன் இராணுவத்தைக் கூப்பிட்டார். மற்ற மாகாணத்துக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அம்மா அப்போது கனடாவுக்குப் புதிது. ரேடியோவில் கேட்டுவிட்டுத் தம்பி சொன்னானாம், "அம்மா, ஆமி வருதாம்." அம்மா கேட்டாராம், "எந்தப் பக்கத்தால?" சவளோடு வருகிற ஆமியும் உலகத்தில் இருக்கிறது என்பதை நம்ப அவருக்குக் கொஞ்சக் காலம் எடுத்தது. பிள்ளைகள் இந்தக் கதையை எத்தனை தரம் கேட்டாலும் அந்த இடம் வரும்போது அம்மம்மாவோடு சேர்ந்து சொல்வார்கள், "எந்தப் பக்கத்தால?" இதுவும் எங்கள் வீட்டுக் குளிர்காலச் சம்பிரதாயம்தான். ஊரிலிருந்து கொண்டுவந்ததா, இங்கே பிறந்ததா என்று பிரித்துக் காட்டச் சொன்னால் என்னால் ஏலாது.

வயது போனவர்களுக்கு இந்த மாதங்கள் உண்மையில் சிறை. கோடையில் தனியே பஸ் ஏறிக் கோயிலுக்குப் போய்வருகிற அம்மா, நவம்பர் கடைசியிலிருந்து விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் வாசலுக்குக் கூட இறங்கமாட்டார். ஒக்ரோபரில் முதல் உறைபனிக்கு முன் கறிவேப்பிலைச் சாடியை உள்ளே கொண்டுவந்து தெற்குப் பார்த்த யன்னலில் வைப்போம். ஹீட்டர் காய்ச்சலில் அது இலையைக் கொட்டும். அம்மா அதற்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்து, விழுந்த இலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒரு போத்தலில் போடுவார். எறிய விடமாட்டார், கறிக்கும் போட விடமாட்டார். "மரம் உயிரோடதான் கிடக்கு, தையில தளிர்க்கும்" என்பார். சில வருசம் தளிர்க்கும், சில வருசம் ஏப்ரல் வரை குச்சிதான்.

கார்த்திகை விளக்கீட்டுக்கு வாசலில் பனிக்குள் சிட்டி விளக்கு வைத்துப் பார்த்தோம். காற்று விடவில்லை. பட்டரி விளக்குக்கு மாறிவிட்டோம். அந்தக் கிழமைகளிலேயே தெருவில் நத்தார் (கிறிஸ்மஸ்) விளக்குகளும் ஏறத் தொடங்கிவிடுவதால் எது எந்தச் சமயத்து விளக்கு என்று கண்டுபிடிக்க முடியாது. எங்கள் வீட்டிலும் நத்தார் மரம் உண்டு. சைவ வீட்டில் எதற்கு என்று கேட்ட சொந்தங்களும் உண்டு, பதில் சொல்லி மினக்கெடுவதில்லை. சின்னவன் நத்தார் தாத்தாவுக்குக் கடிதம் எழுதுவான். கனடாத் தபாலில் அதற்கென்று ஒரு தபால் குறியீடே வைத்திருக்கிறார்கள்: எச்0எச் 0எச்0. சேர்த்து வாசித்தால் ஹோ ஹோ ஹோ. முத்திரை ஒட்டத் தேவையில்லை, நேரத்துக்குப் போட்டால் பதிலும் வரும். அதே மாதத்தில் திருவாதிரைக்கு முந்தின பத்து நாளும் அம்மா விடிய எழும்பிச் சாமி அறையில் பாடுவார். மரத்து விளக்கின் வெளிச்சத்தில்தான் அவருக்குப் புத்தகம் தெரியும். இதில் யாருக்கும் எந்தக் குழப்பமும் வந்ததில்லை.

நத்தாருக்கு அடுத்த நாள், 26ஆம் திகதி, இங்கே மலிவு விற்பனை நாள். கடைகளில் கால் வைக்க ஏலாது. நாங்கள் போவதில்லை. 2004இல் ஆழிப்பேரலை முல்லைத்தீவை அடித்தபோது அங்கே ஞாயிறு காலை, இங்கே நத்தார் இரவு பத்து மணியளவில். பரிசு சுற்றின கடதாசி நிலத்தில் கிடக்க, போன் அடிக்கத் தொடங்கியது. இவருடைய பெரியம்மா வீட்டில் மிஞ்சியது ஒரு பிள்ளை. அதனால் 25இல் மரம், 26இல் ஒரு விளக்கும் வெறும் சோறும் பருப்பும். மகளுக்கு அந்தப் பெரியம்மாவின் முகம் தெரியாது. ஆனால் அன்றைக்கு விளக்கு ஏற்றுவது அவள்தான்.

பிள்ளைகளுக்குப் பிடித்த நத்தார் எது என்று கேட்டால் 2013 என்பார்கள். சின்னவன் அப்போது பிறக்கவே இல்லை, இருந்தும் அவனும் அதையே சொல்வான். டிசம்பர் 21, 22இல் உறைமழை பெய்து, மரக்கிளையெல்லாம் கண்ணாடி பூசின மாதிரி நின்று, முறிந்து கம்பிகளில் விழுந்தது. ரொறொன்ரோவில் மாத்திரம் 3 இலட்சம் இணைப்புகளுக்கு மேல் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் ஹீட்டர் இல்லை, அடுப்பும் இல்லை. எல்லாரும் ஒரே அறையில், இருக்கிற போர்வையெல்லாம் போட்டு. பக்கத்து வீட்டு இத்தாலிய மனிசியின் காஸ் அடுப்பு மட்டும் நெருப்புக்குச்சியால் பற்றியது. அவர் சூப் காய்ச்சித் தந்தார், அம்மா அவருடைய அடுப்பிலேயே புட்டு அவித்தார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாசை கிடையாது. அன்றைக்குத் தொடங்கியது: நத்தாருக்கு அங்கிருந்து பனெத்தோனே என்ற இத்தாலிய நத்தார் கேக் வரும், பொங்கலுக்கு இங்கிருந்து பொங்கின புக்கை போகும்.

சரி, பொங்கலுக்கு வருகிறேன்.

பொங்கல் சூரியனுக்கு என்கிறோம். சூரியன் வடக்கே திரும்புகிறது, பகல் வளர்கிறது, அதுதானே உத்தராயணம். யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலமும் கொஞ்சமும். டிசம்பரிலேயே அங்கே பதினொன்றரை மணித்தியாலம் வெளிச்சம். பகல் வளர்ந்ததை அங்கே கணக்குப் பார்த்துத்தான் அறியவேண்டும். ரொறொன்ரோவில் அந்த வித்தியாசம் ஆறரை மணித்தியாலம். ஜனவரி நடுவில் காலை இன்னும் விடியாது, சூரியன் டிசம்பரில் வந்த அதே நேரத்துக்குத்தான் வரும். ஆனால் பின்னேரம் மட்டும் இருபது நிமிடம் நீண்டிருக்கும். பள்ளிக்கூட பஸ் வரும்போது தெருவிளக்கு எரியாது. சின்னவனே கண்டுபிடித்துச் சொல்வான். சூரியன் திரும்பி வருகிறது என்பதை உடம்பில் உணர்கிற ஊரில் இருந்துகொண்டு, சூரியப் பொங்கலை ஒப்புக்குப் பொங்குகிறோம் என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? நன்றி சொல்ல எங்களுக்கு இருக்கிற காரணம் எங்கள் பாட்டன் பூட்டனுக்குக் கூட இருந்ததில்லை.

எங்கள் வீட்டுப் பொங்கல் இப்படி. ஐந்தரைக்கு எழும்பல். குசினி நிலத்தில் மகள் மாக்கோலம். அந்த நேரம் சூரியன் நேர்கிழக்கில் வராது, ஏறக்குறைய 30 பாகை தெற்கே தள்ளித்தான் எழும்பும். அதனால் படையல் மேசை தென்கிழக்கு யன்னலுக்கு வந்துவிட்டது. அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை, மகள் போனில் திசைகாட்டியைக் காட்டினாள். பால் கிழக்கே பொங்கி வழிந்தால் நல்லது என்பதால் இவர் பானையை ஒரு பக்கம் சற்றே சரித்து வைப்பார். அது கள்ளம் என்று பிள்ளைகள் வருசந்தோறும் வழக்கு வைப்பார்கள். பால் வழிந்து சூடான அடுப்பில் கருக, புகை எழும்ப, கூரையில் இருக்கிற அலாரம் கத்தத் தொடங்கும். அதுதான் எங்கள் வெடி. சின்னவன் "பொங்கலோ பொங்கல்!" என்று அதற்கு மேலே கத்துவான், மகள் துவாயால் விசிறுவாள். பொங்கலுக்காக அலாரத்தின் பட்டரியைக் கழற்றி வைக்கிற வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள், பிறகு போட மறந்துவிடும்.

போன தையில் அம்மா வழமை போலத் தொடங்கினார், "எங்கட முற்றத்தில எண்டால்..." மகள் கிண்டிக்கொண்டே கேட்டாள், "அம்மம்மா, உங்கட அம்மா அப்ப என்ன சொல்லுறவ?" அம்மா கஜுவைப் பிளந்துகொண்டு கொஞ்சம் யோசித்தார். "அவ சொல்லுவா, தங்கட காலத்தில போல புது அரிசி இல்லையாம், எல்லாம் கடை அரிசியாம்." சொல்லிவிட்டு அவரே சிரித்துவிட்டார்.

தமிழ் மரபுத் திங்கள் பற்றியும் ஒன்று. ஒன்ராறியோ சட்டசபை 2014இலும் கனடா நாடாளுமன்றம் 2016இலும் ஜனவரியை எங்களுக்காக ஏற்றுக்கொண்டது சின்ன விசயமில்லை, அதற்காக உழைத்தவர்களுக்கு நன்றி. ஆனால் மண்டபத்தில் அரசியல்வாதிகள் சால்வை போட்டுக்கொண்டு பேசிப் பேசி முடிக்க, பட்டு வேட்டிக்குக் கீழே ஸ்னோ பூட்ஸோடு பிள்ளைகள் கொட்டாவி விடுவதைப் பொங்கல் என்று கணக்கு வைக்காதீர்கள். மண்டப விழாவை எந்தச் சனிக்கிழமையும் வையுங்கள். வீட்டுப் பொங்கலை அந்த நாளிலேயே வையுங்கள். இரவு வேலை முடித்து வருகிறவர்கள் பின்னேரம் பொங்கட்டும், அதையும் சூரியன் ஒன்றும் சொல்லாது. பிள்ளை வகுப்புக்கு அரை மணித்தியாலம் பிந்திப் போனால் காரணத்தை எழுதிக் கொடுத்துவிடுங்கள். பொங்கல் என்று எழுதினால் இப்போது இங்கே பல ஆசிரியர்களுக்கு விளங்கும்.

வெளியேதான் பொங்குவோம், அடுப்பு மூட்டினால்தான் மனம் ஆறும் என்கிறவர்களோடும் எனக்குச் சண்டையில்லை. ஆனால் கராஜுக்குள் காஸ் அடுப்போ கரியடுப்போ வேண்டாம், கதவு பாதி திறந்திருக்கிறது என்பதெல்லாம் காணாது. அதிலிருந்து வருகிற காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. 2013 உறைமழையின்போது தீயணைப்புப் படையினர் திரும்பத் திரும்ப எச்சரித்தது இதைத்தான். சுவரிலிருந்து தள்ளி ட்ரைவ்வேயில் வையுங்கள். மைனஸ் 20இல் பானை பொங்க நேரம் எடுக்கும், வேட்டிக்கு மேலால் ஸ்னோ பான்ட்ஸைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள்.