சிக்கனம் பழகச் சொல்பவர்களுக்கு

நேற்றைய விவாதத்தைப் பார்த்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். "எரிபொருளை வெளியிலிருந்து வாங்கும் நாடுகளில் மக்களுக்குச் சிக்கனம் தெரியவில்லை" என்று அதில் ஒரு பேச்சாளர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. எனக்கு வயிறு எரிந்தது.

ஒரு வீடு எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பது பெரும்பாலும் ஆள் குடிவருவதற்கு முன்பே முடிவாகிவிடுகிறது. மின்விசிறியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மோட்டார் விசிறி சுமார் 75 வாட். கிட்டத்தட்ட அதே காற்றைத் தரும் பிஎல்டிசி விசிறிக்கு, அதாவது மின்சாரம் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் விசிறிக்கு, 30 வாட் போதும். தினம் 12 மணி நேரம் ஓடினால் முதலாவது 900 வாட்-மணி தின்னும், இரண்டாவது 360. விசிறியை வாங்கி மாட்டுவது வீட்டுக்காரர், அவர் விலை குறைந்ததைத்தான் பார்ப்பார். பில் கட்டுவது குடியிருப்பவர். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் கூரை ராத்திரி சூட்டைக் கக்கும்போது அவர் எதை அணைப்பார்?

"ஜப்பானைப் பாருங்கள்" என்பார்கள். முழுசாகப் பாருங்கள். 1973 எண்ணெய் நெருக்கடியில் அடிபட்டவர்கள் 1979-ல் எரிசக்திச் சேமிப்புக்குச் சட்டமே போட்டார்கள். 1998-ல் அதைத் திருத்தி, சந்தையிலேயே குறைவாக மின்சாரம் இழுக்கும் கருவியை அளவுகோலாக வைத்து, மற்ற தயாரிப்பாளர்களும் குறித்த ஆண்டுக்குள் அதை எட்ட வேண்டும் என்றார்கள். ஃபுகுஷிமா அணு உலை விபத்துக்குப் பிந்தைய 2011 கோடையில் வீடுகளிடம் வேண்டுகோள்தான் வைத்தார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் டோக்கியோ, தோஹோகு பகுதிகளில் 500 கிலோவாட்டும் அதற்கு மேலும் வாங்கிய பெரிய நுகர்வோருக்கு உச்சநேரத்தில் 15% குறைப்பு கட்டாயம். கார் தொழிற்சாலைகள் வியாழன், வெள்ளி விடுமுறை விட்டு சனி, ஞாயிறு ஓடின. இது உபதேசத்தால் நடந்ததா?

"விலையை ஏற்றினால் தானாகக் குறையும்" என்பது அடுத்த வாதம். பாதி சரி. ஆனால் இந்த வாரம் ஏறிய விலைக்கு இந்த வாரமே வண்டியை மாற்ற முடியுமா? வண்டி 15 வருஷம் ஓடும், கட்டடம் 50 வருஷம் நிற்கும். பேருந்து வராத ஊரில் எந்த விலைக்கும் வண்டியை எடுத்துத்தான் ஆக வேண்டும். எண்ணெய் விலை ஏறாமலே டாலர் மதிப்பு 20% ஏறினாலும் இறக்குமதிச் செலவு உள்ளூர்ப் பணத்தில் அதே 20% ஏறும். இதில் விளக்கை அணைப்பவரின் தப்பு எங்கே?

2022-ல் இலங்கையிலும்தான் நுகர்வு குறைந்தது. கையில் டாலர் இல்லை, வந்து நின்ற எரிபொருள் கப்பலுக்குப் பணம் கட்ட முடியவில்லை, ஒரு கட்டத்தில் தினம் 13 மணி நேரம் வரை மின்வெட்டு. பெட்ரோல் வரிசையில் நின்றபடியே உயிரை விட்டவர்கள் உண்டு. புள்ளிவிவரத்தில் அதுவும் நுகர்வுக் குறைவாகத்தான் பதிவாகும். அந்த வரிசையில் நின்றவர்கள் முகத்தைப் பார்த்து, சிக்கனம் தெரியவில்லை என்று அந்தப் பேச்சாளரால் சொல்ல முடியுமா?