கார்டை மாத்த முதல் பவர் சப்ளையைப் பாருங்கோ

போன கிழமை பரந்தன் பக்கத்துத் தம்பி ஒருத்தன் தன்ர கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு வீட்டை வந்தான். புதுசா கிராபிக்ஸ் கார்டு போட்டவனாம். கேம் தொடங்கிப் பத்து நிமிசத்தில தானா நிண்டுபோகுதாம். “கார்டு பழுது அண்ணை, ஆனா கடையில அவையின்ர மெசினில போட்டுக் காட்டேக்க ஓடினது” எண்டு ஒரே புலம்பல். கழட்டிப் பாத்தன். கார்டு நல்ல கார்டுதான். பவர் சப்ளைதான் கேசிங்கோட சேர்ந்து வந்த மலிவுச் சாமான். புதுக் கார்டு இழுக்கிற கரண்டை அதால குடுக்கேலாது.

நான் அவனுக்கு ராக்கெட் கதை சொன்னன். சிரிச்சான். நீங்களும் சிரிப்பியள், பரவாயில்லை.

அமெரிக்காவில ராக்கெட் செய்யிற ஸ்பேஸ்எக்ஸ் கொம்பனியின்ர முதல் ராக்கெட் பால்கன் 1. அதின்ர மெர்லின் எஞ்சின் எரிக்கிறது நல்லாச் சுத்திகரிச்ச மண்ணெண்ணெய், கூடத் திரவ ஒட்சிசன். (சண்டை நேரப் பொருளாதாரத் தடைக் காலத்தில பெற்றோல் துளி விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டச்சைக்கிள் ஓடின ஆக்கள், இது எங்கட சாமான் எண்டு உரிமை கொண்டாடலாம்.) முதல் வந்த எஞ்சினில உள்பூச்சு மெல்ல மெல்லக் கருகித்தான் சூட்டைத் தாங்கும். பிறகு மாத்தினாங்கள்: எரிய முதல் மண்ணெண்ணெயை எஞ்சின் சுவருக்குள்ள சின்னச் சின்ன வாய்க்காலால ஓடவிட்டுச் சுவரைக் குளிராக்கிறது. என்ன வடிவான மூளை!

2008 ஓகஸ்டில அந்தப் புது எஞ்சினோட மூண்டாவது பால்கன் 1 கிளம்பிச்சு. எஞ்சின் திறமா ஓடினது. ஆனா நிப்பாட்டின பிறகும் வாய்க்காலுக்குள்ள மிச்சம் கிடந்த எண்ணெய் வந்து கொஞ்சம் தள்ளிக்கொண்டிருந்தது. ராக்கெட்டில இருந்து கழண்ட கீழடுக்கு (எஞ்சின் இருக்கிற பகுதி) போய் மேலடுக்கை இடிச்சுது, எல்லாம் போச்சு. நிலத்தில சோதிக்கேக்க ஏன் பிடிபடேல்லை? அந்த மிச்ச எண்ணெயால எஞ்சினுக்குள்ள வந்த அழுத்தம் எங்களைச் சுத்தியிருக்கிற காத்தழுத்தத்தை விடக் குறைவு. வெளியில காத்தில்லாத இடத்திலதான் அது வேலையைக் காட்டினது. கடை மேசையில ஓடின கார்டு மாதிரித்தான்.

திருத்தம் என்ன தெரியுமோ? எஞ்சினை நிப்பாட்டிறதுக்கும் அடுக்கைக் கழட்டிறதுக்கும் இடையில நேரத்தைக் கூட்டினது. செப்டெம்பர் 28 அடுத்தது சுற்றுப்பாதைக்கே போச்சு.

அந்தச் செப்டெம்பரில நாங்கள் சண்டையால இடம்பெயர்ந்து, சாமான் ஏத்தின உழவு மெசினோட தருமபுரம் பக்கம் போய்க்கொண்டிருந்தம். வானத்தில சத்தம் கேட்டால் பங்கர்தான் ஞாபகம் வரும். இந்தக் கதையை வாசிச்சது கனவருசம் கழிச்சு.

எங்கட ஆக்கள் அப்கிரேட் எண்டால் ஒரு சாமானை வாங்கிச் செருகிறது எண்டு நினைக்கினம். ஒண்டை மாத்தினால் பக்கத்தில இருக்கிறதின்ர வேலையும் மாறும். அதோட, தகரக் கூரைக்குக் கீழ, சித்திரை வெயிலில, புழுதிக்குள்ள ஓடப்போற மெசினை ஏசி அறைக்குள்ள சோதிச்சு என்ன பிரயோசனம்? காசு செலவழிக்க முதல் ஃபான் புழுதியைத் தட்டி, புரொசசருக்குப் புதுத் தெர்மல் பேஸ்ட் (சூட்டைக் கடத்திற பசை) பூசிப் பாருங்கோ. இன்னும் ஹார்ட் டிஸ்கில விண்டோஸ் ஓடுறவை, முதல் எஸ்எஸ்டி (அதை விட வேகமான டிஸ்க்) போடுங்கோ. பிறகு கார்டைப் பற்றிக் கதைப்பம்.

“ராக்கெட் வாசிச்சு வன்னியில என்னத்தைக் கிழிக்கப்போறாய்” எண்டு கேக்கிற சொந்தக்காரருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு.

தம்பி புதுப் பவர் சப்ளையோட ஞாயிற்றுக்கிழமை வாறன் எண்டவன். இராத்திரி மெசேஜ் ஒண்டு போட்டிருந்தான்: “அண்ணை, சுவருக்குள்ள ஓடுற மண்ணெண்ணெய் ஏன் அங்கயே பத்தேல்லை?” உள்ள ஒட்சிசன் இல்லையடா எண்டு எழுதினன். இப்ப ஒட்சிசனை என்னெண்டு தண்ணி மாதிரி ஆக்கிறது எண்டு கேட்டிருக்கிறான்.