"புரோகிராமபிள் கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை" என்ற ஒற்றை வரி போதாது

இன்ஜினியரிங் காலேஜ் இன்டர்னல் டெஸ்ட் சர்க்குலரில் வழக்கமாக இந்த ஒரு வரிதான் இருக்கும். ஹாலுக்கு வரும் இன்விஜிலேட்டர் வேறு டிபார்ட்மென்ட்காரர். எது புரோகிராமபிள் (கணக்குப் படிகளை முன்கூட்டியே எழுதிச் சேமிக்கக்கூடியது) என்று அவர் எதை வைத்துச் சொல்வார்? கேசியோவில் '=' பட்டனுக்குப் பதில் 'இஎக்ஸ்இ' இருந்தால் சந்தேகப்படலாம்; 3650பி, 5800பி எல்லாம் அந்த ரகம். ஆனால் புதிதாக வந்த 991சிடபிள்யூவிலும் இஎக்ஸ்இ இருக்கிறது, அதில் புரோகிராம் போட முடியாது. ஆகவே பட்டனைப் பார்த்தெல்லாம் முடிவு செய்ய முடியாது. எஃப்எக்ஸ்-82எம்எஸ், 100எம்எஸ், 991எம்எஸ், 991இஎஸ் பிளஸ் என்று மாடல் நம்பரையே சர்க்குலரில் போடுங்கள். பட்டியலில் இல்லாதது பைக்குள் போகட்டும்.

புரோகிராமைத் தடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் பாதி உண்மைதான். நியூமெரிக்கல் மெத்தட்ஸ் பேப்பரில் எக்ஸ் கியூப் − 2எக்ஸ் − 5 = 0 வருகிறது, நியூட்டன்-ராப்சன் முறை (தோராய எண்ணில் தொடங்கி, திரும்பத் திரும்பத் திருத்தித் தீர்வை நெருங்குவது). சாதாரண 991எம்எஸ்ஸில் 2 போட்டு '=' அழுத்தி, சூத்திரத்தில் எக்ஸ் வரும் இடமெல்லாம் 'ஆன்ஸ்' (முந்தைய விடை) வைத்து ஒருமுறை அடித்தால் போதும். அப்புறம் '=' '=' தட்டத் தட்ட 2.1, 2.094568, 2.094551 என்று கொட்டும். ஈக்வேஷன் மோடில் போட்டால் அந்த உழைப்பும் வேண்டாம், மூலம் (சமன்பாட்டின் தீர்வு) நேராக வந்துவிடும். விடைக்கு மட்டும் மார்க் வைத்தால் கால்குலேட்டருக்குத்தான் மார்க் போடுகிறோம். ஒவ்வொரு சுற்றிலும் சார்பின் மதிப்பு, வகைக்கெழுவின் மதிப்பு இரண்டையும் அட்டவணையாக எழுதச் சொல்லி, பெரும்பகுதி மார்க்கை அதற்கு ஒதுக்குங்கள்.

மெமரி விஷயத்துக்கு வருவோம். ஏ, பி, எம் போன்ற மெமரிகளில் போட்ட எண்கள் ஆஃப் செய்தாலும் அழியாது. டெஸ்ட் நடுவே கால்குலேட்டர் கைமாறினால் விடையும் கூடவே போகும். இரவல் கூடாது, ஸ்லைடு மூடி மேஜைக்கு வரக்கூடாது (உள்பக்கம் பென்சிலில் எழுதி வைப்பது ரொம்பப் பழைய வேலை). தொடங்குமுன் எல்லோரும் ரீசெட் செய்யட்டும்: எம்எஸ்ஸில் ஷிஃப்ட், மோட், 3, '='; இஎஸ் பிளஸ்ஸில் ஷிஃப்ட், 9, 3, '='.

இதில் ஒரு வம்பு உண்டு. ரீசெட் செய்ததும் கோண அலகு டிகிரிக்குத் திரும்பிவிடும். சைன் எக்ஸை 0 முதல் பை வரை தொகையிட்டால் 2 வரவேண்டிய இடத்தில் 0.0861 வரும், பையன் சந்தேகமே இல்லாமல் எழுதி வைப்பான். கையோடு ரேடியனுக்கு மாற்றச் சொல்லி, ஸ்க்ரீன் மேலே 'ஆர்' தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டிஐ-84 போன்ற கிராஃபிங் கால்குலேட்டர் புழங்கும் பள்ளிகளில் சிக்கல் வேறு மாதிரி. ரேம் (தற்காலிக நினைவகம்) ரீசெட், ஆர்க்கைவை (நிரந்தரச் சேமிப்பிடத்தை) தொடாது. அங்கே பதுக்கிய புரோகிராம் பத்திரமாக இருக்கும். போதாக்குறைக்கு 'ரேம் கிளியர்ட்' என்று பொய்த்திரை காட்டும் புரோகிராமும் உண்டு. பையன் நீட்டும் ஸ்க்ரீனை நம்பாமல், இடது அம்பு, வலது அம்பு, ஆன் மூன்றையும் சேர்த்துப் பிடித்து புரோகிராம்களை முடக்கும் டெஸ்ட் மோடுக்கு ஆசிரியரே கொண்டுபோக வேண்டும்.