உருப்படிக் கணக்கு

இடம்: தருமபுரி, இலக்கியம்பட்டி பக்கம் ஒரு குடியிருப்புத் தெரு. மே மாதம், புதன்கிழமை, காலை பத்தரை மணி. புங்க மரத்தடியில் ஓர் இஸ்திரி வண்டி. வண்டிக்குப் பின்னால் மாதையன். முன்னால் ஒரு டீச்சர், கையில் பிளாஸ்டிக் ஃபைல். மூன்றாவது வீட்டு கேட்டில் ‘வீடு விற்பனைக்கு’ என்று அட்டை தொங்குகிறது. புரோக்கர் சாவி வாங்கி வரப் போயிருக்கிறார். வீடு வாங்குகிறவருக்கு உருப்படியான நேரம் என்றால் புரோக்கர் பக்கத்தில் இல்லாத நேரம்தான்.

டீச்சர்: அண்ணா, இந்தத் தெரு எப்படி?

மாதையன்: அமைதியான தெரு, டீச்சர்.

டீச்சர்: நான் டீச்சர் என்று உங்களுக்கு யார் சொன்னது?

மாதையன்: உங்கள் கைப்பை வாரில் சாக்பீஸ் தூள். கோடை லீவிலும் போகவில்லை என்றால் அது அழுக்கு இல்லை, சர்வீஸ்.

டீச்சர்: (பையைத் தட்டிக்கொண்டே) புரோக்கரும் அமைதி என்றுதான் சொன்னார். வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஆறு தடவை சொல்லிவிட்டார். அதனால்தான் கேட்கிறேன்.

மாதையன்: அவர் பொய் சொல்லவில்லை. பிள்ளைகள் எல்லாம் ஓசூர், பெங்களூர் போய்விட்டார்கள். இருப்பவர்கள் பென்ஷன்காரர்கள். காக்கை கத்தினால்கூட யார் விருந்தாளி என்று நாலு வீட்டில் எட்டிப் பார்ப்பார்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி கே.ஏ. நம்பர் கார்கள் வந்து சேரும். ரிவர்ஸ் எடுக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு பாட்டுப் பாடும். ஞாயிறு சாயங்காலம் அரிசி, புளி, ஊறுகாய் எல்லாம் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். அப்புறம் மறுபடி காக்கைதான்.

டீச்சர்: கல்யாண மண்டபம் ஏதாவது பக்கத்தில்?

மாதையன்: அடுத்த தெருவில். முகூர்த்த நாளில் உங்களுக்கு அலாரம் தேவையில்லை, நாலரைக்கே நாதஸ்வரம். ஆடியில் மண்டபம் லீவு. அப்போது மாரியம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர். மார்கழியில் பெருமாள் கோயில். தை பிறந்தால் மறுபடி மண்டபம்.

டீச்சர்: அந்த அமைதி எப்போதுதான் வரும்?

மாதையன்: புரட்டாசியில் கொஞ்சம் இருக்கும். கறிக்கடைகூடச் சத்தம் போடாது. (சட்டையைத் திருப்பிப் போட்டு) சரி, உங்கள் வீட்டில் எத்தனை உருப்படி?

டீச்சர்: உருப்படியா? ஆட்களைக் கேட்கிறீர்களா? ஐந்து பேர்.

மாதையன்: சார் என்ன வேலை?

டீச்சர்: பி.டி. மாஸ்டர்.

(மாதையன் பெட்டியை அப்படியே நிறுத்தி வைக்கிறார்.)

மாதையன்: டிராக் பேன்ட்டா?

டீச்சர்: ஆமாம்.

மாதையன்: தினமுமா?

டீச்சர்: என் தம்பி கல்யாணத்துக்கே அதில்தான் கிளம்பினார். நான்தான் வாசலில் மறித்தேன்.

மாதையன்: பையன் இருக்கிறானா?

டீச்சர்: பெங்களூரில், ஐ.டி.யில்.

மாதையன்: டி-சர்ட். அதைச் சுருட்டித்தான் வைப்பார்கள். அடுத்து?

டீச்சர்: மகள் பிளஸ் டூ.

மாதையன்: (முகம் மலர்ந்து) யூனிஃபார்ம்!

டீச்சர்: அவளே இஸ்திரி போட்டுக்கொள்வாள்.

மாதையன்: மாமியார்?

டீச்சர்: நைட்டி.

மாதையன்: இந்த வீடு உங்களுக்குச் சரிவராது, டீச்சர்.

டீச்சர்: ஏன்? வாஸ்து சரியில்லையா?

மாதையன்: வீட்டு வாஸ்து நன்றாகத்தான் இருக்கிறது. உங்கள் பீரோ வாஸ்துதான் இடிக்கிறது. போன மாதம் ஒருவர் வந்தார். தலையிலிருந்து கால்வரை லைக்ரா. இன்னொருவர் சுருக்கமே விழாத சட்டை என்று என்னிடமே பெருமை பேசினார்.

டீச்சர்: அவர்களை நீங்களே திருப்பி அனுப்பிவிட்டீர்களா?

மாதையன்: சேச்சே. தண்ணீர் நிலவரத்தை மட்டும் விளக்கமாகச் சொன்னேன்.

டீச்சர்: எனக்கும் சொல்லுங்கள். ஒகேனக்கல் தண்ணீர் தினமும் வருமா?

மாதையன்: வருகிற வாரத்தில் தினமும் வரும்.

டீச்சர்: போர்?

மாதையன்: இருக்கிறது. குளிக்கலாம், துவைக்கலாம். குடிக்கத்தான் யோசிக்க வேண்டும்.

டீச்சர்: ஃபுளோரைடு. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டவே கூடாது. வகுப்பில் முன் பெஞ்சுக்காரர்கள் சிரித்தாலே எந்த ஊர்த் தண்ணீர் என்று ஓரளவு சொல்லிவிடலாம். காய்ச்சிக் குடித்தாலும் பயனில்லை. தண்ணீர்தான் குறையும், ஃபுளோரைடு அப்படியே நிற்கும்.

மாதையன்: என்னிடமா சொல்கிறீர்கள்? (பழுப்பேறிய பல்லைக் காட்டுகிறார்) பெண் பார்க்கப் போனபோது, தப்பித்தவறிக்கூடச் சிரித்துவிடாதே என்று சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். நானும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் பெண்ணும் சிரிக்கவே இல்லை. என்ன அடக்கம் என்று எங்கள் அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது, அங்கேயும் இதே தண்ணீர்.

டீச்சர்: இப்போது பரவாயில்லையே?

மாதையன்: 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு பிறந்தவன் என் பேரன். அவன் பல் பால் வெள்ளை. சும்மா இருக்கும்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறான். ஆகவே டீச்சர், கீழ்த்தொட்டி பெரியதாக இருக்கிறதா என்று பாருங்கள். புரோக்கர் மொட்டைமாடியைக் காட்டுவார், மலை தெரிகிறது என்பார். நீங்கள் தொட்டி மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்.

(ஒரு மொபெட் போகிறது. டீச்சர் வழிவிடுவதற்காக ஒரு வீட்டுச் சறுக்குப் படிமேல் ஏறி நிற்கிறார்.)

டீச்சர்: 30 அடி ரோடு என்றாரே புரோக்கர்!

மாதையன்: வரைபடத்தில் 30 அடிதான். எல்லோரும் வண்டி ஏற்றச் சறுக்கு போட்டார்கள். சறுக்கு ஓரத்தில் துளசி மாடம் வைத்தார்கள். மாடத்துக்குக் காவலாக ரெண்டு கல் நட்டார்கள். மிச்சம் இருப்பதுதான் ரோடு. அது சரி, ஃபைலில் என்ன?

டீச்சர்: பத்திர நகல்கள். ஒரு சந்தேகம். தாய்ப்பத்திரத்தில் ‘சேலம் ஜில்லா’ என்று போட்டிருக்கிறது. வீடு இங்கே, பத்திரம் சேலத்தில் என்றால் எனக்கு பயமாக இருக்காதா?

மாதையன்: எந்த வருஷத்துப் பத்திரம்?

டீச்சர்: 1961.

மாதையன்: அப்போது நாம் எல்லோரும் சேலம்தானே! தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965-ல், காந்தி ஜெயந்தி அன்று. கிருஷ்ணகிரிக்காரர்கள் 2004-ல்தான் நம்மிடமிருந்து பாகம் பிரித்துக்கொண்டு போனார்கள். நல்லவேளை, வில்லங்கம் இல்லாத பாகப்பிரிவினை.

டீச்சர்: இதெல்லாம் உங்களுக்கு எப்படி...?

மாதையன்: பத்திர எழுத்தர் ஒருவர் எனக்கு வாடிக்கை. வாரம் ஆறு வெள்ளைச் சட்டை. துணியைக் கொடுத்துவிட்டுச் சும்மா போகமாட்டார், ஒரு பாடம் நடத்திவிட்டுத்தான் போவார்.

டீச்சர்: அப்படியானால் இதையும் கேட்டுச் சொல்லுங்கள். பத்திரத்தில் 3 சென்ட். 435.6-ஆல் பெருக்கினால் 1,306 சதுர அடி சொச்சம். பட்டாவில் இருப்பதை மாற்றிப் பார்த்தால் 1,198 தான் வருகிறது. கிட்டத்தட்ட 109 சதுர அடியைக் காணோம். மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

மாதையன்: கணக்கு சரி. அந்த 109 அடியை நான் தினமும் பார்க்கிறேன்.

டீச்சர்: எங்கே?

மாதையன்: பக்கத்து வீட்டுக் காம்பவுண்டுக்குள். அதில் அவர் ஒரு பாத்ரூம் கட்டி, ஒரு முருங்கையும் வைத்திருக்கிறார். வீட்டை விற்கிற பெரியவர் கேட்கப் போகும்போதெல்லாம் முருங்கைக்காய் கொடுத்து அனுப்பிவிடுவார். வருஷக்கணக்காக சாம்பாரிலேயே சமாதானம் ஓடுகிறது.

டீச்சர்: வில்லங்கச் சான்றில் இது வரவில்லையே! 30 வருஷத்துக்குப் போட்டு எடுத்தேனே!

மாதையன்: பதிவானது மட்டும்தான் அதில் வரும், டீச்சர். பதியாத உயில் வராது. முருங்கைக்காயும் வராது. சர்வேயரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். 3 சென்டுக்குப் பணம் கொடுத்துவிட்டு இரண்டே முக்கால் சென்டில் குடியிருக்காதீர்கள்.

(டீச்சர் ஃபைல் ஓரத்தில் குறித்துக்கொள்கிறார். இந்த இடத்தில் மாதையன் கட்டணம் கேட்டிருந்தாலும் தப்பில்லை.)

டீச்சர்: பெரியவர் நிஜமாகவே விற்பாரா? பெங்களூருக்கு மகனோடு போகிறார் என்றார்களே.

மாதையன்: போன வருஷமும் போனார். சித்திரையில் போனவர் ஆனியில் திரும்பிவிட்டார். மகனுக்குப் பத்தாவது மாடியாம். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் போகிறது யார் என்றே தெரியவில்லையாம். தெரிந்தாலும், எங்கே போகிறாய் என்று கத்திக் கேட்க முடியவில்லையாம். இந்த வருஷம் முழங்கால் வலி. அதனால் விற்றாலும் விற்பார். முன்பணம் கொடுத்தால் ஒப்பந்தத்தைப் பதிவு செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஆனியில் அவர் ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம் கேட்டில் நிற்பீர்கள்.

டீச்சர்: எனக்கு வீடு வேண்டாம் என்பது போல ஆரம்பித்தீர்கள். இப்போது நல்லதே சொல்கிறீர்களே?

மாதையன்: மனசு கேட்கவில்லை. ஆனால் டீச்சர், உங்களுக்கே நியாயமாகப் படுகிறதா? பள்ளிக்கூடத்துக்குப் போகிறவர், இஸ்திரியே வேண்டாத பூனம் சேலையில் நிற்கிறீர்கள்.

டீச்சர்: (குரலைத் தாழ்த்தி) பள்ளிக்கு நான் காட்டன் சேலைதான், அண்ணா. கஞ்சி போட்டது. வாரத்துக்கு ஐந்து. வீடு பார்க்க வரும்போது மட்டும் பூனம். விறைப்பாகக் காட்டன் கட்டிக்கொண்டு போனால், வசதியான இடம் என்று விலையில் ரெண்டு லட்சம் ஏற்றிவிடுகிறார்கள்.

(மாதையன் டீச்சரைப் புதிதாகப் பார்க்கிறார். வண்டிக்கு அடியில் இருந்த ஸ்டூலை எடுத்து, துடைத்து, போடுகிறார்.)

மாதையன்: உட்காருங்கள், டீச்சர். வெயில் பாருங்கள். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்பார்கள். நல்ல நாளில்தான் வந்திருக்கிறீர்கள். வீடு உங்களுக்கு நன்றாகப் பொருந்தும்.

டீச்சர்: விலைதான் பொருந்தவில்லை. 58 லட்சம் என்கிறார். ஒரு ரூபாய் குறையாதாம்.

மாதையன்: (இஸ்திரி போட்ட ஒரு சட்டையைத் தடவியபடி) இது பெரியவர் சட்டைதான். ஜேப்பில் ஒரு சீட்டு இருந்தது. புரோக்கருக்காக எழுதியது போல. ஜேப்பில் இருப்பதை நான் படிப்பதே இல்லை. கண்ணில் படுவதை என்ன செய்ய முடியும்? ஆனால் வெளியே சொல்லமாட்டேன். அது தொழில் தர்மம்.

டீச்சர்: சொல்லவே வேண்டாம். தொழில் தர்மத்தைக் கெடுக்க நான் யார்? நான் பாட்டுக்குக் கணக்குப் போடுகிறேன். நீங்கள் பாட்டுக்கு இஸ்திரி போடுங்கள். 56.

(மாதையன் வெறுமனே வானத்தைப் பார்க்கிறார்.)

டீச்சர்: 54.

(கரியை மெதுவாக ஊதுகிறார்.)

டீச்சர்: 50.

(பெட்டிமேல் தண்ணீரைத் தெளிக்கிறார். ‘சுர்ர்ர்’.)

டீச்சர்: சரி, சரி, ஆறிவிட்டது. 52.

(மாதையன் கரியை ஒரே ஊதாக ஊதுகிறார். பொறி பறக்கிறது. மொபெட்டில் திரும்பி வருகிறவர் வண்டியை ஒதுக்கி ஓட்டுகிறார்.)

மாதையன்: நான் ஒன்றும் சொல்லவில்லை.

டீச்சர்: நானும் ஒன்றும் கேட்கவில்லை. 52 என்றால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2. மொத்தம் 9 சதவீதம். நாலு லட்சத்து அறுபத்தெட்டாயிரம். அம்மாடி.

மாதையன்: பெண்கள் பேரில் பதிந்தால் 1 சதவீதம் குறைத்திருக்கிறார்களே, போன வருஷமோ எப்போதோ?

டீச்சர்: 2025 ஏப்ரலிலிருந்து. 10 லட்சத்துக்குள் இருக்கும் சொத்துக்கு மட்டும்.

மாதையன்: 10 லட்சத்துக்கா? இந்தத் தெருவில் அதற்கு அந்தப் பாத்ரூமும் முருங்கையும்தான் வரும்.

டீச்சர்: பெரியவர் 52-க்கு இறங்கி வருவாரா?

மாதையன்: இழுத்தால் வருவார். உங்களுக்கு இப்போது எந்தப் பக்கம் வீடு?

டீச்சர்: குமாரசாமிப்பேட்டை. வாடகை வீடு.

மாதையன்: அப்புறம் என்ன? தைப்பூசத்தில் பெண்களே வடம் பிடித்துத் தேரை இழுக்கிற ஊர்! இந்தப் பெரியவரை இழுக்க முடியாதா?

டீச்சர்: இழுத்துவிடலாம். (எழுந்து) அண்ணா, கஞ்சி போட்ட சேலைக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்?

மாதையன்: 50 ரூபாய்.

டீச்சர்: எங்கள் பேட்டையில் 40-க்குப் போட்டுத் தருகிறார்கள்.

மாதையன்: 40 என்பது சர்க்கார் போடுகிற வழிகாட்டி மதிப்பு மாதிரி, டீச்சர். சந்தை மதிப்பு 50.

டீச்சர்: 45. வாரம் ஐந்து சேலை, மாதக் கடைசியில் மொத்தமாகப் பணம். ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுங்கள்.

மாதையன்: எழுத்தில் வந்தால் 9 சதவீதம் சேரும்.

டீச்சர்: அப்படியானால் வாய்ப்பேச்சே போதும், அண்ணா.